புலிக்குப் பொட்டு

மூன்று கிழமைக்கு முன்பு பேராதனை ஆஸ்பத்திரி கிளினிக்கில் என் இலக்கம் அறுபத்தைந்து. அறுபத்தாறும் அறுபத்தேழும் நீங்கள் இருவரும். ஐந்து பேருக்கான வாங்கில் ஏழு பேர் நெருக்கி இருந்தோம். என் இடது முழங்கால் முழுநேரமும் நடைபாதையில்தான் இருந்தது, மூன்று பேர் அதில் இடித்துக்கொண்டு போனார்கள். பேச்சு பிரஷர் குளிசையில் தொடங்கி, சின்ன வயதில் கண்ட கார்களுக்குப் போனது. எங்கள் வீட்டில் ஒருமுறை புலிக்குப் பொட்டு வைத்தோம் என்று நான் சொன்னதும் இருவரும் சிரித்தீர்கள். மேலே சொல்வதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது அந்த வாங்கில் வேறு ஏழு பேர்.

பாதியில் விட்ட கணக்கு எனக்கு நித்திரை தராது. மிச்சத்தை எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தப் புலி. கண்டிப் பக்கத்துக் கராஜ்களில், எஞ்சினின் முன்பக்கம் பெல்ட்டைச் சுற்றும் சக்கரத்தைப் புலி என்பார்கள். ‘புல்லி’ என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. பிற்காலத்தில் அந்தச் சொல்லை ரோட்டில் உரக்கச் சொல்ல ஆட்கள் யோசித்தார்கள். அது வேறு விஷயம். எனக்கு அப்போது பத்து வயது. மடுல்கெல்லைக்கு மேலே காட்டில் புலி உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். மெக்கானிக் பொனெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டு, "புலியில பொட்டக் காணல்லயே" என்றபோது நான் இரண்டடி பின்னால் போனேன்.

அந்தக் கார் அத்தையுடையது. அத்தை, அப்பாவின் அக்கா. அவருடைய கணவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவர். ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து அந்தக் காரை வாங்கினார். ஆறு சிலிண்டர், சாம்பல் நிறம், நான்கு கதவு. அதில் மூன்றுதான் உள்ளேயிருந்து திறக்கும். மாமா அதை ஆறு வருடம் ஓட்டினார், அத்தைக்கும் பழக்கினார், பிறகு ஒரு காய்ச்சலில் போய்விட்டார். அத்தை கண்டி கட்டுக்கலையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். கொண்டுவந்தவை மூன்று: ஒரு இரும்புப் பெட்டி, ஒரு தையல் மெஷின், அந்தக் கார்.

மடுல்கெல்லைக்கு மேலே, ஒரு தோட்டத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் அத்தை கணக்கும் விஞ்ஞானமும் படிப்பித்தார். கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, பன்வில, பிறகு ஏற்றம். பதினெட்டு மைலும் சொச்சமும். காலையில் ஆறு பத்துக்கு வெளிக்கிட்டால் ஏழேகாலுக்குப் பள்ளிக்கூட வாசல். பஸ்ஸில் போவதானால் இரண்டு இடத்தில் மாறவேண்டும். ஏழரைக்குள் போய்ச்சேரவே முடியாது. ஆகவே அந்தக் கார் இருந்தால் அத்தைக்கு வேலை உண்டு, கார் இல்லாவிட்டால் வேலை இல்லை. இதை வீட்டில் எல்லோரும் அறிந்திருந்தோம். ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்தப் பள்ளித் தவணையில் என் பள்ளிக்கூடத்தைப் பூட்டிக் கூரை மாற்றினார்கள். வீட்டில் சும்மா இருந்து அம்மாவின் உயிரை எடுக்கவேண்டாம் என்று அத்தை என்னைத் தன்னோடு கூட்டிப்போனார். முன் சீட்டில் நான். அத்தை இரண்டு தலையணையின்மேல் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டுவார். உள்ளே சூடான தோல் சீட்டின் மணம், பெற்றோல் மணம், அத்தை நெற்றியில் தடவும் தைலத்தின் மணம். வத்தேகமவுக்கு முன்னால் வயல் தண்ணீரின் குளிர் ஜன்னலால் வரும். பன்வில தாண்டினால் தேயிலைக் கொழுந்து வாடும் புளித்த மணம். என் மடியில் ஒரு கொப்பி இருக்கும். பாலம், நாய், ஹோன் அடித்த தடவை, எல்லாவற்றையும் அதில் எழுதினேன். அத்தை என்னைக் ‘கணக்கப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார். தோட்டத்தில் பேர் பதிகிற கணக்கப்பிள்ளை மாதிரி நானும் கண்டதையெல்லாம் பதிகிறேனாம்.

தவணை தொடங்கி இரண்டாவது சனிக்கிழமை அப்பா மெக்கானிக்கைக் கூப்பிட்டார். கெலிஓயாவிலிருந்து வருபவர், முஸ்லிம் ஆள், ஊரே அவரை நானா என்றுதான் அழைத்தது. சாமான்களைத் துணியில் சுற்றி அக்குளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார். காரில் கோளாறு ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அப்பா கந்தோரில் கிளார்க். எதுவும் விதிப்படி இருந்தால்தான் அவருக்கு மனம் அமரும். மாமா அந்த எஞ்சினைக் கோடு பார்த்து வைத்ததில்லை, காதால் கேட்டுத்தான் வைத்தார் என்று அவருக்கு எப்படியோ தெரியவந்திருந்தது.

"அத்தான் ஏதோ குத்துமதிப்பா வச்சிருக்காரு நானா. நீங்க கோட்டப் பாத்து ஒழுங்கா வச்சுக் குடுங்க."

எது கோடு என்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், இருந்தாலும் இன்னொருமுறை பாதியில் விட்ட பழி வேண்டாம். பிஸ்டன் மேலேறி உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் பிளக்கில் பொறி விழவேண்டும். மிகவும் முந்தினால் எஞ்சின் இடிக்கும். பிந்தினால் இழுக்காது, கொதிக்கும். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்காக வெளியே சுழலும் புலியின் விளிம்பில் ஒரு கோடு வெட்டியிருப்பார்கள். பக்கத்தில் அசையாத ஒரு முள். கோடு முள்ளுக்கு நேரே வந்தால் முதலாவது பிஸ்டன் உச்சியில் நிற்கிறது. அதற்கு ஒன்பது பாகை முன்னால் பொறி விழும்படி வைக்கவேண்டும். கோட்டை நன்றாகத் தெரியவைக்க நானா அதன்மேல் வெள்ளைப் பெயின்ற் தொட்டு வைப்பார். அதுதான் பொட்டு.

அன்றைக்கு அவர் பல வருட எண்ணெய்க் கறுப்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கோட்டைக் கண்டுபிடித்து, பொட்டு வைத்து, அதன்படி எல்லாவற்றையும் திருப்பி முறுக்கினார்.

"இப்பதான் கம்பனி வச்ச மாதிரி ஈக்கிது" என்றார். அப்பாவுக்கு அன்று முழுக்க நல்ல முகம்.

திங்கட்கிழமை பன்விலவுக்கு மேலே ஏழாவது வளைவில் கார் கொதித்து நின்றது.

பன்விலவிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பதினொரு வளைவு. ஏழாவதில் பாறையிலிருந்து தண்ணீர் விழும் ஒரு பீலி இருந்தது நல்லதாகப் போயிற்று. அன்றிலிருந்து தினமும் அங்கே அத்தை ரேடியேற்றர் மூடியைத் துணிபோட்டுத் திறப்பார். ஆவி அவர் முகத்துக்கு மேலே எழும். பன்வில பஸ் அப்போதுதான் எங்களைக் கடக்கும். அதில் அத்தையின் வகுப்புப் பிள்ளைகளே தொங்கிக்கொண்டு வருவார்கள்.

"டீச்சர், எனக்கொரு பிளேன்டீ!"

"எனக்குச் சீனி கூட டீச்சர்!"

அத்தை சிரித்துக்கொண்டே கை காட்டுவார். பஸ் மறைந்த பிறகு சிரிக்கமாட்டார். இது நான் எண்ணாமல் விட்டவற்றில் ஒன்று.

பள்ளிக்கூடத்துக் கையெழுத்துப் புத்தகத்தில் ஏழரைக்குச் சிவப்புக் கோடு விழும். கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்தவர்கள் நேரத்துக்கு வந்தவர்கள், கீழே வைத்தவர்கள் பிந்தியவர்கள். பெரிய வாத்தியார் யாழ்ப்பாணத்து மனிதர். கோபக்காரர் இல்லை, அதுதான் பெரிய கரைச்சல்.

"நான் என்ன செய்ய ஏலும் டீச்சர்? கோடு கீறியாச்சு. கீழை வையுங்கோ" என்று மெதுவாகச் சொல்லி, புத்தகத்தைத் தானே திருப்பிக் கொடுப்பார். மூன்றாவது கிழமை முடிவில், "இந்த மாசம் பாப்பன். பிறகு மேலிடத்துக்கு எழுதத்தான் வேணும். எங்கை தூக்கிப் போடுவினமோ தெரியாது" என்றார்.

நானா மூன்று தடவை வந்து பார்த்தார். மூன்று தடவையும் பொட்டும் முள்ளும் நேருக்கு நேர் நின்றன. ரேடியேற்றரைக் கழுவினார், பெல்ட்டை இறுக்கினார். கடைசியில் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "பொட்டு மயிரிழை பிசகல்ல. டீச்சர்ட கிளச்சு மிதியத்தான் கொஞ்சம் பாருங்களே" என்றார். தனியே என்றாலும் எங்கள் முற்றம் பன்னிரண்டு அடி.

அப்பா கெட்டவரல்லர். அக்கா தனியாக அந்த மலையில் ஏறி இறங்குகிறாரே என்று அவருக்குக் காலையில் சாப்பாடு இறங்காது. அதை அவரால் அப்படியே சொல்லமுடியவில்லை. ஆகவே காரைப் பற்றிப் பேசினார், கிளச்சைப் பற்றிப் பேசினார். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் என் கொப்பியைக் கேட்டு வாங்கி வாசித்தார்.

"பதினாலு நாள்ல முப்பத்தொரு தடவ நிப்பாட்டியிருக்கீங்கக்கா. பதினோரு நாள் லேட்டு. நான் சொல்லல, உங்க கணக்கப்பிள்ளையே எழுதி வச்சிருக்கான்."

"நிப்பாட்டுனது நானில்ல தம்பி. அது நின்னுச்சு."

"பொட்டு சரியாத்தானே நிக்குது? பொட்டு பொய் சொல்லாதுக்கா. உங்க காலுதான்..."

"என் காலு ஆறு வருசமா அதே காலுதான்."

"அப்ப அத்தான் பக்கத்துல இருந்தாரு."

அத்தை எழுந்து போய்க் கை கழுவினார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பெருமை. என் கொப்பியைப் பெரியவர்கள் வாசித்தார்கள் என்ற பெருமை. அறுபத்து நாலு வயதில் அதை நினைத்தால் காது சுடுகிறது.

கிழமை முடிவில் அப்பா ஆளைப் பிடித்துவிட்டார். மாத்தளை ரோட்டில் லொறி வைத்திருக்கும் ஒரு முதலாளி. வீட்டில் ஒரு வண்டி இருக்கிறது, விற்கிற யோசனை என்று அவரிடம் சொல்லியிருந்தார். ஆயுத பூசை கழிந்து வரும் திங்கட்கிழமை பின்னேரம் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அத்தையிடம் அதை அப்பா பேப்பர் பார்த்துக்கொண்டே சொன்னார். "வீட்டோட இருங்கக்கா. இங்க என்ன குறை?"  அத்தை வாளியை எடுத்துக்கொண்டு காரைக் கழுவப் போனார்.

அந்த வருடம் ஆயுத பூசை சனிக்கிழமை. காரைக் கழுவித் துடைத்து, சக்கரக் கிண்ணங்களைச் சாம்பல் போட்டு மினுக்கி, தேசிக்காயைக்கூடச் சக்கரத்தடியில் வைத்தது அத்தைதான். அம்மா சந்தனக் கிண்ணமும் குங்குமமும் கொண்டுவந்ததும் அத்தை உள்ளே போய்க் கதவு நிலையோடு நின்றுகொண்டார். புருஷனை இழந்தவர் கையால் பொட்டு வைப்பதில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லாமலே நடந்துவந்த வழக்கம் அது. அம்மா பொனெட்டில், விளக்குகளில், ஸ்டியரிங்கில், ஜாக்கில், ஸ்டார்ட் கம்பியில் எல்லாம் வைத்தார். பதினேழு பொட்டு.

"புலிக்கு வைக்கலியாம்மா?" என்றேன்.

"சும்மா இருடா."

"அதுக்கு நானா வச்சுட்டாரு" என்றார் அத்தை உள்ளேயிருந்து. எல்லோரும் சிரித்தோம். பல நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

ஞாயிறு காலை அத்தை என்னிடம் கொப்பியைக் கேட்டார். கொடுக்கத் தயங்கினேன். வாங்கி, முதலாவது பக்கத்திலிருந்து நிதானமாகப் புரட்டினார்.

"ஏய் கணக்கப்பிள்ளை, தொடக்கத்துல பத்து நாளு பாலம் இருக்கு, நாய் இருக்கு. வண்டி நின்னது மட்டும் ஏன் எழுதல?"

"நிக்கலியே அத்தை. அதான் எழுதல."

"ஒருநாளும்?"

"ஒருநாளும் நிக்கல."

"அப்பன்னா அங்க சைபர் போடணும்டா. வெறுமனே விட்டா, பாக்கிறவங்க நீ எண்ணலன்னு நெனப்பாங்க."

அப்பா அப்படித்தான் நினைத்திருந்தார். கொதித்து நின்ற நாட்களை மட்டும் வாசித்தவர், வெறும் இடங்களை வாசிக்கவில்லை. நானும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. பத்துச் சைபர். அவற்றை நான் எழுதியிருந்தால் ஒரு பெண்ணின் காலைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை நான் சைபரை விடுவதில்லை. குளிசை மறந்த நாள் இல்லாத மாதத்திலும் கலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறேன்.

காரை முதலாளி பார்க்குமுன் ஒருமுறை சரிபார்த்துவிட நானாவை அப்பா வரச்சொல்லியிருந்தார். பத்து மணிக்கு அவர் வந்ததும் அத்தை வெளியே போனார். அப்பா இடுப்பில் கட்டிய சாரத்தோடு, பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"நானா, நீங்க வந்து பொட்டு வச்ச நாளுக்கு முந்தி இது ஒருநாளும் நிக்கல. வச்ச பொறகு தினமும் நிக்குது."

"டீச்சர், அல்லா அறிய நான் பொட்டுலதான் வச்சேன்."

"நீங்க பொட்டுலதான் வச்சீங்க. அதுல சந்தேகமே இல்ல. பொட்டு இருக்கிற எடந்தான் எனக்குச் சந்தேகம்."

நானா சிரித்தார். "அது இரும்புல வெட்டின கோடு டீச்சர். இரும்பு எங்க போகும்? முப்பது வருசமா இந்த வேலெ செய்றேன், பொட்டு நடந்து போன கதை நான் கேக்கல்ல."

"சரி. கோட்டப் பாக்காம உச்சிய எனக்குக் காட்டுங்க."

முதலாவது பிளக்கைக் கழற்றி, துளைக்குள் ஒரு நீளக் கம்பியை நிற்கவைத்து, ஸ்டார்ட் கம்பியால் எஞ்சினை மெல்லத் திருப்பினார் நானா. கம்பி எழும்பியது, எழும்பியது, பிறகு அசையாமல் நின்றது. இன்னும் திருப்பினார். நின்றபடியே நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் இறங்கியது.

"இதுதான் கரைச்சல். உச்சிக்குக் கிட்ட வந்தா அசையிறதே தெரியாது. இந்தா இதுதான்னு ஒரு எடத்த சொல்ல ஏலா."

அத்தை கவிழ்த்துவைத்த வாளியில் உட்கார்ந்து அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மத்தியானம் மாதிரி" என்றார்.

அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது, அப்பாவுக்கும் நானாவுக்கும் விளங்கவில்லை. பள்ளிக்கூட முற்றத்தில் ஐந்தாம் வகுப்புக்காக அத்தை ஒரு மூங்கில் கம்பை நட்டு, அதைச் சுற்றி வட்டம் கீறி வைத்திருந்தார். மத்தியானத்தில் நிழல் மிகக் குட்டை. ஆனால் மிகக் குட்டையான அந்தக் கணம் எது என்று கண்ணால் பிடிக்கமுடியாது, நிழல் அசையாமல் நிற்பதுபோல் நிற்கும். அதனால் பத்தரைக்கு நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு கல் வைப்போம். ஒன்றேகால் கழிந்து மறுபடி தொடும் இடத்தில் இன்னொரு கல். இரண்டுக்கும் நடுவில் போவது உச்சிக் கோடு. பாதி நாள் மழை வந்து இரண்டாவது கல்லை வைக்கவிடாது. அதில் எங்களுக்குச் சந்தோசம்.

"உள்ள ஒரு தடை வேணும் நானா. பிஸ்டன் உச்சிக்குப் போகாம, கொஞ்சம் கீழயே அதுல முட்டணும். இந்தப் பக்கமாத் திருப்பி முட்டுற எடத்துல ஒரு அடையாளம். அந்தப் பக்கமாத் திருப்பி முட்டுற எடத்துல ஒரு அடையாளம். நடு எதுவோ அதான் உச்சி."

நானா குனிந்து பிளக் துளைக்குள் பார்த்தார். பிறகு தன் துணிச்சுருளில் இருந்து ஒரு செத்த பிளக்கை எடுத்தார். அதன் பீங்கானைத் தட்டி உடைத்து, நடுவில் ஒரு போல்ட்டை இறுக்கிச் செருகி, முனை உருண்டையாக வரும்வரை அராவி, அந்தத் துளையில் முறுக்கினார். மற்ற ஐந்து பிளக்கையும் கழற்றினார், எஞ்சின் லேசாகத் திரும்புவதற்காக. அந்தப் போல்ட் பிளக்கைப் பல வருடம் நான் மேசை லாச்சியில் வைத்திருந்தேன். வீடு மாறிய ஏதோ ஒரு தடவையில் காணாமற்போனது.

ஒரு பக்கம் திருப்பினார், டக். முள்ளுக்கு நேரே சோக்கட்டியால் கோடு. மறுபக்கம் திருப்பினார், டக். இன்னொரு கோடு. அத்தை தையல் நூலை விளிம்போடு ஒட்டிப் பிடித்து இரண்டு கோட்டுக்கும் இடையே அளந்து, நூலை இரண்டாக மடித்து, நடுவில் சோக்கால் தொட்டார்.

நானாவின் வெள்ளைப் பொட்டு அங்கே இல்லை. ஒரு அங்குலம் தள்ளி இருந்தது.

"இன்னொருக்கா" என்றார் நானா. இன்னொருக்கா செய்தோம். அதே ஒரு அங்குலம். புலியின் விட்டம் ஏழு அங்குலம், சுற்றளவு இருபத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அந்த இரண்டு எண்ணும் அன்றைக்கு என் முன்னால் எண்ணெய் பூசிக்கொண்டு நின்றன. ஒரு அங்குலம் என்றால் பதினாறு பாகைக்கு மேல். அத்தனை பிந்திப் பொறி விழுந்தால் எந்த வண்டி மலை ஏறும்?

நானா குந்தியிருந்து புலியின் முகத்தைத் துடைத்தார். அது ஒரே இரும்பில்லை. உள்ளே ஒரு குடம், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் நடுவே எஞ்சினின் அதிர்வைத் தாங்க ஒரு ரப்பர் பட்டை. ரப்பரில் நகத்தால் அழுத்தினார். அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

"யா அல்லா. ரப்பர் மௌத்தாப் போயிரிக்கி. பெல்ட்டு இழுக்க இழுக்க வெளி வளையம் பின்னுக்கு வழுக்கி ஈக்கிது. வளையத்தோட கோடும் போயிட்டுது." எழுந்து அத்தையைப் பார்த்தார். "டீச்சர், ஒங்கட கால நான் பிழை சொன்னேன். பெரிய பிழை."

"நீங்க மட்டுமா சொன்னீங்க" என்றார் அத்தை.

அப்பா பேப்பரை இன்னொரு மடி மடித்தார்.

புது உதிரிச் சாமான் கிடைக்காத காலம். ரப்பரை மாற்ற வழியில்லை, ஆனால் வளையம் ஒரே நாளில் நகர்ந்துவிடாது. மாதம் ஒருமுறை இப்படியே பார்த்துக்கொள்ளலாம் என்றார் நானா. பழைய பொட்டை மண்ணெண்ணெயால் அழித்தார். பெயின்ற் தகரத்தைத் திறந்து, தூரிகையைத் தோய்த்து, அத்தையிடம் நீட்டினார்.

"வைங்க டீச்சர். ஒங்கட பொட்டு."

அவருக்கு அது கராஜ்ச் சொல். எங்கள் மூவருக்கும் அப்படிக் கேட்கவில்லை. அத்தையின் கை பாதி எழுந்து நின்றது.

"குடுங்க, நான் வைக்கிறேன்" என்று அப்பா கையை நீட்டினார். அக்காவின் கை அழுக்காகும் என்று சொன்னாரா, வேறு காரணமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

குசினி வாசலில் அம்மா மாவுக் கையோடு நின்றார். எப்போது வந்தார் என்று கவனிக்கவில்லை.

"அண்ணியே வைக்கட்டுங்க" என்றார். சொல்லிவிட்டு ரொட்டி கருகுகிறது என்று உள்ளே போய்விட்டார்.

அத்தை குனிந்து, மூச்சைப் பிடித்து, சோக் அடையாளத்தின்மேல் வெள்ளையைத் தொட்டு வைத்தார். பெயின்ற் ஒரு துளி வழிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தார். அந்தக் கறை பிறகு போகவேயில்லை. ஒன்பது பாகை என்றால் எத்தனை அங்குலம் என்று நான் கணக்குப் பார்த்துச் சொன்னேன்: அரை அங்குலமும் ஒரு சொட்டும். "நாங்க அரை இஞ்சின்னுதான் வைக்கிற. அந்தச் சொட்ட நீங்க வச்சிக்கோங்க" என்று நானா சிரித்துக்கொண்டே பொறி விழும் கணத்தைக் காட்டும் சின்ன பல்ப் ஒன்றைப் பிடித்து, அது பற்றும் இடத்தில் எல்லாவற்றையும் முறுக்கினார்.

அப்பா உடனே இறங்கிவரவில்லை. "கணக்கு சரி. ஏறணுமே" என்றார். "நாளைக்கு நானும் வாறேன். ஒரு தடவ நின்னாலும் முதலாளி பாத்துட்டுப் போகட்டும். ஒத்துக்கிறீங்களா?"

"வா" என்றார் அத்தை.

திங்கட்கிழமை அப்பா அரைநாள் லீவு போட்டு, கந்தோருக்குப் போகும் சப்பாத்தோடு, மூன்று தகரத்தில் தண்ணீர் நிரப்பிப் பின் சீட்டில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கட்டுகஸ்தோட்டை வரை அந்தத் தகரங்கள்தான் பேசின. வத்தேகம தாண்டி மூன்று பேரும் ஒரு முள்ளையே பார்த்தோம். சூடு காட்டும் முள். பன்விலவில் அது நடுவில் நின்றது. முதலாவது வளைவு. இரண்டாவது. எஞ்சினின் சத்தம் வேறாக இருந்தது. மூன்று கிழமையாக இருமியவர் தொண்டை கனைத்துவிட்டுப் பேசத் தொடங்கிய மாதிரி. ஐந்தாவது வளைவில் முள் கொஞ்சம் ஏறியது. அப்பா ஒரு தகரத்தின் கைபிடியைப் பிடித்துக்கொண்டார். ஏழாவதில் பீலி தெரிந்தது. அத்தை காலை எடுக்கவில்லை. பீலி பின்னால் போயிற்று.

எட்டாவதில் முன்னால் பன்வில பஸ். அகலமான இடம் வந்ததும் அத்தை ஹோன் அடித்துக் கடந்தார். ஜன்னல்களில் வாய்கள் திறந்திருந்தன. ஒரு குரல் மட்டும் கேட்டது.

"டீச்சர், இன்னைக்குப் பிளேன்டீ இல்லியா?"

"என்னடா கேக்குறான்?" என்றார் அப்பா.

நான் சொன்னேன். தினமும் அத்தை மூடியைத் திறக்கும்போது பஸ் கடப்பதையும் அவர்கள் கேட்பதையும் சொன்னேன். அப்பா தகரத்தின் கைபிடியை விட்டார். "தினமுமா?" என்று கேட்டார். "வெள்ளிக்கிழமையோட பதினஞ்சு நாளும்" என்றேன். அதன்பிறகு அவர் முள்ளைப் பார்க்கவில்லை, அத்தையின் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூட வாசலில் ஏழு பதினாறு. பெரிய வாத்தியார் கையெழுத்துப் புத்தகத்தோடு விறாந்தையில் நின்றார்.

"என்ன டீச்சர், நான் இன்னும் கோடு கீறேல்லை."

"மெதுவாக் கீறுங்க சார்" என்று அத்தை கையெழுத்து வைத்தார்.

அப்பா கார்ப்பக்கத்திலேயே நின்றார். மூன்று தகரமும் அப்படியே இருந்தன. அத்தை திரும்பி வந்ததும் டயரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் கீழ போற பஸ்ல போயிடறேன். போற வழியில அந்த முதலாளிகிட்ட வரவேணாம்னு சொல்லிட்டுப் போறேன்."

"ஏன்னு கேட்டா?"

"வண்டி விக்கிறதா இல்லன்னு."

"யாரு வண்டின்னு கேப்பாரே."

அப்பா நிமிர்ந்தார். "எங்க அக்கா வண்டி. அவங்க விக்கல. அப்படின்னு சொல்றேன்."

கீழே போகும் பஸ் வளைவில் ஹோன் அடித்தது. வாசலிலிருந்து தரிப்பிடம் எண்பது யார் தூரம் இருக்கும்.

"சரி, ஓடு" என்றார் அத்தை.

அப்பா ஓடினார். சப்பாத்துக் காலோடு, பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கையால் சட்டைப் பையை அழுத்திப் பிடித்தபடி ஓடி, கண்டக்டர் மணி அடிக்குமுன் ஏறிவிட்டார்.